எழுபத்துநாலு கிலோ

ஆளில்லாத லிப்ட் எழுபத்துநாலு கிலோ எடை காட்டியது.

குப்பைப் பையோடு வீட்டைவிட்டு வெளியே வந்த லிப்ட் மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். நாலாவது மாடியில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு லிப்ட் காத்திருந்தது. உள்ளே குழல்விளக்கு எரிந்தது, கண்ணாடியில் எதிர்ச்சுவர் தெரிந்தது, பட்டன்களுக்கு மேலே சிவப்பு எண்கள் அசையாமல் நின்றன. அந்த எண் பலகையை அங்கே பொருத்தியதே அவன்தான். ஆள் அதிகம் ஏறினால் லிப்ட் கத்தும். கத்தினால் யார் இறங்குவது என்று அந்தக் கட்டடத்தில் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை வந்திருந்தது. எடையை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி காட்டிவிட்டால் நியாயம் பிறக்கும் என்று அவன் நம்பினான். நியாயம் பிறக்கவில்லை. குண்டானவர்கள் படியேற ஆரம்பித்தார்கள்.

கதவு சாத்திக்கொள்ளப் போனது, பாதியில் எதையோ தொட்டதுபோலப் பின்வாங்கித் திறந்தது. மறுபடி சாத்தப் போனது, மறுபடி திறந்தது. கதவிடுக்கில் யாராவது நின்றால்தான் சென்சார் அப்படிச் செய்யும். அதுவும் உறுதியாக நிற்பவர் அல்ல. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று ஆடிக்கொண்டிருப்பவர்.

பிறகு கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிச் சாளரம் வழியாக அவன் எண்ணைப் பார்த்தான். பூஜ்யம்.

மணி ஏழு பத்து. தாழ்வாரத்தில் லேசாகப் பெப்பர்மின்ட் வாசனை அடித்தது.

"சென்சார்ல தூசி," என்று குப்பைப் பையிடம் சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போனான்.

எழுபத்துநாலு என்ற எண் அவனுக்குப் புதிதல்ல. இரண்டு மாதங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ் அவன் அட்டையில் எழுதிய எடை அது. இப்போது அறுபத்தெட்டு. அந்த ஆறு கிலோவும் பாட்டில்களில் வந்தது, பாட்டில்களோடு போயிற்று என்று மனைவி சொல்லுவாள்.

பதினோரு வருடக் குடி அது. மாத்திரை, ஊசி, சத்தியம், நாலு தடவை மறுவாழ்வு இல்ல வாசம், எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில், இன்னும் பரிசோதனை நிலையில்தான் இருக்கிறது என்று பன்னிரண்டு இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவன் மண்டையில் இரண்டு துளை போட்டார்கள். மூளையின் ஆழத்தில், ஆசை ஊறும் இடத்தில், முடி கனத்தில் இரண்டு கம்பிகள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கிக் கழுத்து வழியாக வந்து, நெஞ்சில் தீப்பெட்டி அளவு பேட்டரிப் பெட்டியில் முடிந்தன. தலையைத் திருப்பினால் கழுத்தில் கம்பி இழுபடும். "லிப்டுக்காரனுக்கே லிப்ட் மாட்டிட்டாங்க," என்று வேலையிடத்தில் கூட இருப்பவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்தால் தையல் இழுத்தது.

ஆபரேஷன் நடுவில் அவனை விழிக்க வைத்துத்தான் கரண்டை ஏற்றினார்கள். "என்ன தோணுது?" என்று கேட்டபோது அவன் யோசித்து, "பக்கத்துல உக்காந்திருந்தவர் எழுந்து போன மாதிரி இருக்கு," என்றான். யாரோ அதை எழுதிக்கொண்டார்கள்.

எழுந்து போனவரை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வீட்டில் ஒரு பெயரும் உண்டு. மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது ஒரு நாள் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர, குழந்தைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் மனைவி சொன்னாள்: "விருந்தாளி வந்திருக்காரு. நீ ரூமுக்குப் போ." அதுவே பழக்கமாகிவிட்டது. லிப்ட் நிற்கும். தாழ்வாரத்தில் கால் இழுபடும். சாவி துவாரத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கீறும். உள்ளே அந்தக் குரல்: "விருந்தாளி வந்திருக்காரு." மகள் அறைக்குள் போய்க் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுப்பாள்.

போன வருடம் ஒரு சாயங்காலம் நாற்காலி போதவில்லை. அந்தக் கதவின் கீல் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. ஊரில் உள்ள கதவையெல்லாம் சரிசெய்கிறவன் அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. மறுநாளே மகள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது பதினோரு வயதில் திரும்பி வந்திருக்கிறாள். ஒரே ஒரு மாதம், பார்க்கலாம் என்ற பேச்சு. தினமும் அவன் வேலையிலிருந்து வந்ததும் வாசலில் நிறுத்துவாள்.

"ஊதுங்கப்பா."

ஊதுவான். மூக்கைச் சுருக்கி, கண்ணை மூடி, நேரம் எடுத்துக்கொண்டு முகர்வாள். "பாஸ்." அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தான். பாஸ் என்று கேட்கும்போது நெஞ்சில் ஏதோ நிறையும். அது பேட்டரி இல்லை என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த மாதம் வரும் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அன்று சித்தி வருவாள். இருப்பதா போவதா என்று இன்ஸ்பெக்டர்தான் சொல்லவேண்டும்.

மறுநாள் மூன்றாவது மாடி டீச்சர் அவனைப் படியில் மடக்கினார்.

"மெக்கானிக் சார், ஊர்ல இருக்கற லிப்டையெல்லாம் பாக்கறீங்க. நம்ம லிப்ட் உங்க மாடியில போய் நின்னு யோசிக்குதே, அதைப் பாக்க மாட்டீங்களா?"

"எப்ப மேடம் யோசிக்குது?"

"தினம் ஏழு மணிச் செய்தி ஆரம்பிச்சுப் பத்து நிமிஷத்துல. நீங்க முன்னாடி வருவீங்களே, அந்த டைம்." டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க."

அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பாகத்தைப் பாகமாகக் கழற்றினான். எடை பார்க்கும் உணரியை மாற்றினான், கதவுச் சென்சாரைத் துடைத்தான், மொட்டைமாடி மோட்டார் அறையில் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முனையாக இறுக்கினான். மெயின் ஸ்விட்சைத் தொடும் முன் லிப்ட் குழிக்குள் தலையை நீட்டி மூன்று தடவை கூவினான்: "உள்ள யாராவது இருக்கீங்களா?" அது அவர்கள் தொழிலின் சட்டம். ஆள் உள்ளே இருக்கும்போது மெயினைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு மெக்கானிக்கிடமும் ஒரு கதை இருக்கும், அதை யாரும் முழுதாகச் சொல்லமாட்டார்கள். பிறகு மெயினை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டான். பாதிக் கோளாறுகள் அந்த முப்பதிலேயே தீர்ந்துவிடும். பில்லில் மட்டும் வேறு காரணம் எழுதுவார்கள்.

அன்று சாயங்காலம் ஏழு பத்துக்கு லிப்ட் நாலாவது மாடியில் நின்றது. எழுபத்துநாலு.

அதோடு நிற்கவில்லை. தாழ்வாரத்தில் ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்குகள் மூன்று உண்டு. லிப்டுக்கு அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, அவன் வீட்டு வாசலில் ஒன்று. கதவிலிருந்த பார்வைத் துவாரத்தில் கண்ணை வைத்து அவன் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் விளக்கு எரிந்தது. வெறும் தரை. வெறும் சுவர். ரொம்ப நேரம், ஒருவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கும் நேரம். அப்புறம் அது அணைந்தது. இரண்டாவது எரியவில்லை.

அடுத்த நாள் இரண்டாவதும் எரிந்தது.

செக்கப்புக்குப் போனபோது டாக்டரம்மா கையடக்கத் திரையில் எதையோ தட்டிக்கொண்டே கேட்டார். "குடிக்கணும்னு எவ்வளவு தோணுது? பத்துக்கு எவ்வளவு போடுவீங்க?"

"முட்டை மேடம். ஸ்கூல்லகூட இவ்வளவு சந்தோஷமா முட்டை வாங்கினதில்ல."

"வெரிகுட்."

"மேடம், அந்த ஆசை இப்ப எங்க இருக்கு?"

"எங்கயும் போகல. அது கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கும். உங்களுக்குக் கேக்காம பண்ணியிருக்கோம், அவ்வளவுதான்."

"கேக்கலேன்னா அது என்ன பண்ணும்?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். மண்டையைத் திறந்து பார்த்தவர், இப்போதுதான் முகத்தைப் பார்ப்பதுபோல. "தூக்கம் சரியா இருக்கா?" என்றார். பிறகு நெஞ்சுப் பெட்டியை இயக்க அவனிடம் கொடுத்திருந்த ரிமோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "ஈசிஜி மாதிரி ஏதாவது எடுத்தா மட்டும் ஆஃப் பண்ணணும். சும்மா நோண்டிப் பாக்காதீங்க. பேஷண்ட்லயே எனக்கு மெக்கானிக்னாதான் பயம்."

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி ஏதோ சொல்ல, மகள் வாய்நிறையச் சோற்றோடு சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவன் கணக்குப் போடத் தொடங்கிய நேரத்தில் தூரத்தில் லிப்ட் மணி ஒலித்தது.

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

கதவு திறந்தது, தயங்கியது, திறந்தது. அப்புறம் ஒரு கால் தரையில் இழுபட்டது. இன்னொன்று. உள்ளங்கை சுவரில் உரசிக்கொண்டே வரும் அந்தச் சத்தம், காகிதத்தைக் காகிதத்தோடு தேய்ப்பதுபோல, நெருங்கி, நின்று, நெருங்கி. கதவுக்கடியில் கோடாக வெளிச்சம் வந்தது. வாசல் விளக்கு எரிந்துவிட்டது.

சாவி கீறியது.

துவாரத்துக்கு மேலே. பக்கத்தில். கீழே. ஒரு முறை கை தவறி விழுந்தது, குனிந்து எடுக்க வெகுநேரம் ஆயிற்று, மறுபடி கீறியது.

மகள் அப்பாவைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாவை. பிறகு கதவைப் பார்த்தாள்.

"திருடனா இருக்கும்," என்றான் அவன். குரல் எங்கிருந்தோ கீச்சென்று வந்தது.

"திருடன்னா இந்நேரம் திறந்திருப்பான்பா," என்றாள் மகள். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். விருந்தாளி என்று யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. அறைக்குள் போனாள். நாற்காலிக் கால் தரையில் தேயும் சத்தம் கேட்டது.

மனைவி போய்க் கதவைத் திறந்தாள். தாழ்வாரம் காலி. பெப்பர்மின்ட் வாசனை மட்டும் ஈரக்காற்றுபோல உள்ளே நுழைந்தது. குடித்த வாசனையை மறைக்க அவன் முன்பெல்லாம் கைநிறைய அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் அதே மிட்டாய்.

கதவைச் சாத்திவிட்டு அவள் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாகக் கேட்டாள்: "என்னங்க, நீங்க இங்கதான இருக்கீங்க?"

"பாத்தா எப்படித் தெரியுது?"

"தெரியல," என்றாள். கேலி இல்லை அதில்.

அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. "அம்மா, ஞாயித்துக்கிழமை சித்தி வந்தா நான் போயிடறேன்."

சனிக்கிழமை முழுதும் அவன் அதையே யோசித்தான். கோளாறு என்றால் அவனுக்குப் புரியும். வெளியே அலைவது அவனுடையது. அவனுக்குள் இருக்கவேண்டியது, கரண்டு ஏறியபோது வெளியே தள்ளப்பட்டது, கூப்பிட்டுப் பார்த்தது, கேட்கவில்லை, நேரில் வருகிறது. நேற்று வாசல்வரை. இன்று உள்ளே வரும். வந்தால் நேராக எந்தக் கதவுக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியும். கோணல் கீல் கதவு.

வழி ஒன்றுதான். திரும்ப உள்ளே வாங்கிக்கொண்டு பூட்டிவிடவேண்டும். ஆஃப். முப்பது எண்ணிக்கை. அது வந்து உட்காரும். ஆன். பதினெட்டு வருடமாகக் கை பழகிய வேலை.

ஏழு ஐந்துக்கு மனைவியிடம் லிப்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினான். வாசலில் மகள் எதிர்ப்பட்டாள்.

"வந்ததும் ஊதணும்," என்றாள் அவன் முகத்தைப் பார்க்காமல்.

"சரிங்க இன்ஸ்பெக்டரம்மா."

கீழே போய் லிப்டுக்குள் ஏறினான். அறுபத்தெட்டு. கதவு சாத்திக்கொண்டது. பட்டன் எதையும் அவன் அழுத்தவில்லை. நின்றான். கயிறு மேலே எங்கோ முனகியது, குழல்விளக்கு சன்னமாக ரீங்கரித்தது, பழைய எண்ணெயும் இரும்பும் கலந்த, அவனுக்கு வீட்டைவிடப் பழகிய அந்த வாசனை. அதற்குள் ஒரு நூல்போல இன்னொன்று நுழைந்தது. இனிப்பு. குளிர்ச்சி. அதற்கடியில் புளித்தது.

லிப்ட் தரைக்கு ஒரு விரற்கடை தாழ்ந்து நிமிர்ந்தது. ஆள் ஏறும்போது தாழுமே, அப்படி.

எண்ணைப் பார்த்தான். 142.

கண்ணாடியை அவன் பார்க்கவில்லை. காதோரம் ஈரமாக மூச்சு பட்டது. லிப்ட் தானாக மேலே கிளம்பியது.

மெயினைத் தொடும் முன் கூவவேண்டும். வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டான். கூவி எச்சரிக்கவேண்டிய ஆள் வெளியே நிற்கிறார், அவரை உள்ளே வாங்கத்தானே போகிறோம் என்று நினைத்தான். உள்ளே ஏற்கெனவே யார் இருக்கிறார் என்று அவன் நினைக்கவில்லை.

ரிமோட்டை நெஞ்சில் வைத்து அழுத்தினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஏழு வரை ஒன்றுமில்லை. எட்டில் நாக்கு ஊறியது. ஒன்பதில் தொண்டையின் அடியில் யாரோ விளக்கைப் போட்டதுபோல இருந்தது. இரண்டு மாதமாக எங்கோ தூரத்தில், சுவர்களுக்கு அப்பால் யாரோ பேர்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இப்போதுதான் கேட்டது. எவ்வளவு பாவமாகக் கூப்பிட்டிருக்கிறது. எவ்வளவு பொறுமையாக. பதினாறு. பதினேழு. தோளில் கை விழுந்தது. பழகிய கை. எண் மாறியது. 130. 109. 85. இருபத்தொன்று. அவனை யாரோ இடுப்பால் நகர்த்தினார்கள், நெரிசலான பெஞ்சில் நகர்த்துவதுபோல. கொஞ்சம் தள்ளிக்கோ. இன்னும் கொஞ்சம். 68. இருபத்தெட்டு. அவன் பெஞ்சின் விளிம்பில் இருந்தான். இருபத்தொன்பது.

முப்பது. விரல் அழுத்தியது.

யாருடைய விரல்?

மணி ஒலித்தது. நாலாவது மாடி. கதவு திறந்த சத்தம். யாரோ வெளியே நடந்து போனார்கள். நேரான நடை. சுவரைத் தொடாத நடை. முதல் விளக்கு, இரண்டாவது, மூன்றாவது, சட்சட்டென்று. சாவி ஒரே திருப்பில் திரும்பியது.

அவன் கண் திறந்தான்.

கண்ணாடியில் எதிர்ச்சுவர் தெரிந்தது. எதிர்ச்சுவர் மட்டும்.

சிவப்பு எண்கள். 74.

கதவு சாத்த வந்தது, அவன்மேல் பட்டுப் பின்வாங்கியது. ஒரு கால் உள்ளே. ஒரு கால் வெளியே. தரை சாய்ந்தது. ஒரு சொட்டு குடிக்கவில்லை. ஒரு சொட்டுகூட. சுவரைப் பிடித்தான். உள்ளங்கை உரசியது. கால் வரவில்லை, இழுத்தான். விளக்கு எரிந்தது. மூச்சு வாங்கினான். இழுத்தான்.

வீட்டுக்குள் பேச்சு கேட்டது.

"ஊதுங்கப்பா."

ஊதும் சத்தம். நீளமாக. நிதானமாக.

"பாஸ்."

கையில் சாவி இருந்தது. துவாரம் நகர்ந்தது. மேலே. பக்கத்தில். கீழே. கத்தினான். வாயிலிருந்து பெப்பர்மின்ட் காற்றுதான் வந்தது.

"என்னங்க," மனைவியின் குரல், பயந்து. "இன்னிக்கும்..."

"விருந்தாளி வந்திருக்காரு," என்றது அவனுடைய குரல். அமைதியாக. அன்பாக. "கதவைத் திறக்காதே. நின்னு பாத்துட்டுப் போயிடுவாரு."

சின்னக் கால்கள் ஓடின. அறைக் கதவு. கோணல் கீல். நாற்காலிக் கால் தரையில் தேய ஆரம்பித்தது. போடு, என்று அவன் வேண்டிக்கொண்டான். முட்டுக் கொடு. இறுக்கமாக. நெற்றியைக் கதவில் வைத்து வேண்டிக்கொண்டான்.

தேயும் சத்தம் பாதியில் நின்றது.

"நாற்காலி எதுக்கும்மா? அதான் அப்பா உள்ள இருக்கேனே."

பிறகு நாற்காலியைத் தூக்கிப் பழைய இடத்தில் மெதுவாக வைக்கும் சத்தம் கேட்டது.

பார்வைத் துவாரத்தில் வெளிச்சம் மறைந்தது. உள்ளிருந்து ஒரு கண் வந்து ஒட்டிக்கொண்டது. இமைக்கவில்லை.

தாழ்வாரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.